மூழ்கும் முட்டை

கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றுக்கு அது முக்கியம்.

தீவுக் காப்பகத்தின் அலுவலர் பொன்னுரங்கம் மேசைத் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். அவருக்கு வலது பக்கம் ஊர்த்தலைவர் ரெமிஜியூஸ். சன்னலோரமாக டிரோன் ஓட்டும் பவித்ரன், ஒரு காலை மடித்து நாற்காலிமேல் வைத்துக்கொண்டு. முட்டை எடுக்கும் பெண்களின் சார்பாக வந்திருந்த சலேத்மேரி, உள்ளே நாற்காலி காலியாக இருந்தும், கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால்தான் சுவரில் இருக்கும் திரை நேராகத் தெரியும். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பெயர் குருநாதன், சொந்த ஊர் அபிராமம். பொன்னுரங்கத்தைத் தவிர இந்தக் கடற்கரையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் முட்டை சார்.

"திரும்பவும் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீக முட்டை சார்" என்று ரெமிஜியூஸ் தொடங்கினார். ஒவ்வொரு பருவத்திலும் இப்படித்தான் தொடங்குவார். "கடல்ல ஒரு தீடை கெடக்கு. ஒங்க பெட்டிக்குள்ள ஒரு தீடை கெடக்கு. இதுல எது சொல்றது சட்டம்?"

"பெட்டிக்குள்ள இருக்கறதுதான்" என்றார் பொன்னுரங்கம்.

"அப்ப முட்டையவும் பெட்டிக்குள்ளயே எடுத்துக்கிறச் சொல்லுங்க. எங்க பொம்பளைக வெயில்ல காய வேண்டாம்ல."

பவித்ரன் சிரித்தான். சலேத்மேரி சிரிக்கவில்லை.

பெட்டிக்குள் இருப்பதற்கு நிழல் தீடை என்று பெயர். ஆலாத் தீடை என்பது கரையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மணல் திட்டு. சித்திரை பிறந்தால் அங்கே ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிட வந்து குவியும். மணலில் உட்காரும் ஒவ்வொரு ஆலாவுக்கும் என் கணினியில் ஒரு நிழல் ஆலா உண்டு. அது எப்போது முட்டையிடும், பறிகொடுத்தால் மறுபடி இடுமா, எத்தனை முறை ஏமாந்தால் இடத்தையே விட்டுப் போய்விடும் என்று நிழல் தீடை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும். அது அனுமதிக்கும் அளவுக்குத்தான் பெண்கள் முட்டை எடுக்கலாம்.

"இந்த வருஷம் எவ்வளவு?" என்று கேட்டார் ரெமிஜியூஸ்.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

ரெமிஜியூஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். காரணம் சொன்னேன்.

"முதல் முட்டை போனா ஆலா பத்துப் பதினைஞ்சு நாள்ல இன்னொண்ணு இடும். அதனாலதான் நீங்க எடுத்தும் இத்தனை வருஷமா கூட்டம் குறையலை. இப்ப வேற ஒரு வாயும் தின்னுது. நீங்க ஒரு பக்கம், அது ஒரு பக்கம்னு எடுத்தா பறவைங்க வெறுத்துப் போய் மொத்தமா கிளம்பிடும். அடுத்த வருஷமும் வராது."

"எது தின்னுது?"

"தெரியலை. காக்கா கொத்தினா ஓடு கிடக்கும். நண்டு இழுத்தா மணல்ல தடம் இருக்கும். இது ரெண்டும் இல்லை. மேற்கு ஓரமா மட்டும் எடுக்குது. அதுவும் இட்டு ரெண்டு மூணு நாளான முட்டையை மட்டும்."

நிழல் தீடையில் அதற்கு ஒரு வரிசை ஒதுக்கியிருந்தேன். 'இனம் அறியா இரைகொல்லி' என்பது அதன் பெயர்.

"எலி" என்றார் பொன்னுரங்கம். "மூணு வருஷத்துக்கு முன்னாடி சரக்குப் படகுல வந்து ஏறலையா? அப்பவும் இப்படித்தான் யோசிச்சுட்டே இருந்தோம். பாதிக் கூட்டம் போச்சு."

அவர் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் மணலில் கிடந்த ஓடுகளை நானே பொறுக்கியிருக்கிறேன்.

"எலி முட்டையைத் திருப்பி வைக்காது சார்" என்றேன்.

திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டினேன். ஆலாக் கூட்டத்தின் நடுவே அங்கங்கே டிரோனில் இறக்கி மாதிரி முட்டைகள் வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் ஓடு, உள்ளே வெப்பம் அளக்கும் சில்லு. நிஜ முட்டை என்று நம்பி ஆலா அதன்மேலும் அடைகாக்கும். கோடு பறவையின் வயிற்றுச் சூட்டில் சீராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கடல்நீரின் குளிருக்கு விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல ஏறி, பழைய சூட்டுக்கே வந்து சேர்ந்தது.

"யாரோ எடுத்து, தண்ணியில முக்கி, அதே குழியில திரும்ப வச்சிருக்காங்க. மேற்கு ஓரத்துல இருக்கற மாதிரி முட்டை எல்லாத்திலயும் இப்படி இருக்கு."

"அலை அடிச்சிருக்கும்."

"அவ்வளவு மேட்டுக்கு அலை ஏறாது சார்."

"அப்ப மழை."

"இந்த மாசம் மழையே இல்லை."

"அப்ப சில்லு கெட்டுப்போச்சு. குருநாதன், யாரோங்கறீங்களே, ஆள்னு சொல்ல வர்றீங்களா?"

"இருக்கலாம் சார். தீடையில கேமரா வச்சிருக்கற கம்பத்துல சூரியத் தகடு கழுவக் காத்துல இருந்து தண்ணி பிடிக்கற கருவி இருக்கில்ல? அதுலயும் தண்ணி கூடுதலா செலவாகுது."

"கேமராவுல தெரியணுமே?"

"தெரியாது" என்றான் பவித்ரன். காலைக் கீழே இறக்கினான். "அங்க ஆளே நின்னாலும் நம்ம கேமராவுக்குத் தெரியாது சார். இவங்கதானே தெரியக் கூடாதுன்னாங்க."

ரெமிஜியூஸின் முகம் சிவந்தது. "ஆமா, சொன்னோம். சொல்லாம? பறவையப் படம் புடிக்கிறோம்னு சொல்லிட்டு எங்க புள்ளைகளப் படம் புடிச்சு, எல்லை தாண்டினான்னு வீட்டுக்கு ஓலை அனுப்பினீகள்ல?"

அந்தப் போராட்டம் நடந்தபோது நான் இங்கே வந்த புதிது. மூன்று நாள் ஒரு படகும் இறங்கவில்லை. முடிவில் ஒப்பந்தம் போட்டார்கள். கடலிலும் தீடையிலும் உள்ள எந்தக் கேமராவும் மனித உருவத்தைச் சேமிக்காது. உருவமோ காலடித் தடமோ தெரிந்த மாத்திரத்தில் அதை அழித்துவிட்டு, சுற்றியிருக்கும் மணலையும் வானத்தையும் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். ஊர்ப் பக்கம் கையெழுத்துப் போட்டவன் தொபியாஸ். சலேத்மேரியின் கொழுந்தன்.

"ஊர்ல யாரும் காணாமப் போகலையே?" என்றார் பொன்னுரங்கம்.

"போனவுக போயிட்டாக" என்று ரெமிஜியூஸ் அவசரமாகச் சொன்னார். "ஐப்பசிப் புயல்ல கஸ்பாரும் தொபியாசும் போனதுதான். ரெண்டு பேருக்கும் பூசை வச்சாச்சு." சொல்லிவிட்டுக் கதவோரம் இருந்த கஸ்பாரின் மனைவியை, சலேத்மேரியை, ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சலேத்மேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலிக்கு மருந்து வைக்கிறதப் பேசுங்க" என்றாள். "நாப்பது வீட்டுப் பொம்பளைக வெளிய நிக்கிறாளுக. நான் போயி என்னத்தச் சொல்ல?"

முடிவு அதுதான். மறுநாள் காலை மருந்து ஏற்றிய முட்டைகளைப் பவித்ரன் டிரோனில் கொண்டுபோய் மேற்கு ஓரத்தில் வைப்பான். அவற்றைத் தயார்செய்வது என் வேலை.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். இந்த நிலையத்தில் நான் ஒருவன்தான். ஊரில் யாரும் என்னிடம் கடுமையாகப் பேசியதில்லை, பேசியதே இல்லை என்பதுதான் சரி. அவர்கள் எடுக்கும் முட்டையைக் குறைக்கிற ஆளிடம் என்ன பேசுவது? கடையில் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். சில நாள் என் குரலே எனக்கு மறந்து, கதவைச் சாத்தும்போது "சரி" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். இந்தப் பருவத்தில் காலையில் எழுந்ததும் நான் முதலில் தேடிப் போனது அந்த வளைகோட்டைத்தான். நேற்றைக்கு இல்லாத ஒன்றை அது மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெயில் உச்சியில் இருந்தபோது சலேத்மேரி திரும்பி வந்தாள். இப்போது உள்ளே வந்தாள்.

"அந்தக் கோட்ட இன்னொரு தரம் காட்டுங்க."

காட்டினேன்.

"எவ்வளவு நேரம் குளுந்து கெடந்துச்சு?"

"இருபது எண்ணற நேரம் இருக்கும்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுரங்கத்தின் நாற்காலி அது.

"கேக்குறான்" என்றாள்.

"என்ன?"

"முட்டையக் கேட்டுத்தான் எடுப்போம் சார் நாங்க. ஆளுக்கு ஒரு செரட்டை, அது நெறைய கடத்தண்ணி. முட்டைய உள்ள விடுவோம். மூழ்கிப் படுத்துச்சுன்னா எடுத்துக்கன்னு அர்த்தம். நின்னாலோ மெதந்தாலோ உள்ள குஞ்சு வந்துருச்சு. அதே குழியில திருப்பி வச்சிரணும்."

மாதிரி முட்டை காற்றடைத்த பிளாஸ்டிக். எப்போதும் மிதக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் குழிக்குத் திரும்பியிருக்கிறது.

"ஊர்ப் பெண்கள் யாராவது போயிருக்க முடியுமா?"

"அனுமதி இல்லாம காப்பக எல்லைக்குள்ள போனா இன்ஜின் தானா அணைஞ்சிருமே, எப்படிப் போவாளுக? அப்படியே போனாலும் ஒரு நாளு போவா, ரெண்டு நாளு போவா. இது தெனமும்ல நடக்குது." சிரட்டையைப் பிடிப்பதுபோல உள்ளங்கையைக் குவித்தாள். "ஆம்பளைக முட்டை கேக்க மாட்டாக சார், கேவலம்பாக. அவன் ஒருத்தன்தான் எங்க கூட வருவான். 'மைனி, நீங்க எடுங்க, நான் கேக்குறேன்'னு செரட்டையத் தூக்கிக்கிட்டு முன்னால போவான். எல்லாரும் பொம்பளைச் சட்டின்னு கேலி பண்ணுவாக."

"தொபியாஸா?"

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஒடம்பு வலையில சுத்திக் கரைக்கு வந்துச்சு. வள்ளமும் வந்துச்சு. அவன் வரல. அன்னைக்குச் சுக்கானப் புடிச்சவன் அவன்தான். புயல் வருது, போகாதன்னு நான் சொன்னேன், அவந்தான் கூட்டிட்டுப் போனான். அடக்கம் பண்ணயில கடலப் பாத்துக் கத்தினேன். செத்தாலும் சரி, பொழைச்சாலும் சரி, எங்கண்ணு முன்னால வந்துராதன்னேன். ஊரே கேட்டுச்சு."

"அவருக்குக் கேட்டிருக்காதே."

"கேக்காமலேயும் தெரியும் சார் அவனுக்கு. அதான் ஒளிஞ்சு கெடக்குறான்."

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒருவேளை அவன் ஒளியவே இல்லையோ என்னவோ. ஆறு மாதமாக நண்டும் சிப்பியும் தின்றுகொண்டு, கம்பத்தின் அடியில் நின்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறானோ என்னவோ. ஒளிந்தாலும் கத்தினாலும் எங்கள் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் இருக்கும் இடத்தில் மணலையும் வானத்தையும் நிரப்பி எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நானும் தினமும் அந்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்திருக்கிறேன்.

பொன்னுரங்கத்துக்குப் போன் செய்தேன். பொறுமையாகவே கேட்டார்.

"பாவம் குருநாதன் அந்த அம்மா. புருஷனை இழந்தவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு உருவம் தெரியும். நான் தப்பு சொல்லலை. ஆனா இப்ப தீடையில ஆளை இறக்கினா மொத்தப் பறவையும் எந்திரிக்கும். எந்திரிச்ச நிமிஷமே காக்கா உள்ள புகுந்துடும். நாற்பது குடும்பம் இதை நம்பி இருக்கு. தலைநகருக்கு எழுதிக் கேட்கறேன், ரெண்டு வாரத்துல பதில் வரும்."

"மருந்து நாளைக்குப் போகுதே சார்?"

"மருந்து எலிக்கு. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வெளி ஆளை வச்சு ஏத்திக்கறேன்."

"வேண்டாம் சார், நானே செய்யறேன்."

போனை வைத்தபோது சலேத்மேரி என் முகத்தைப் பார்த்தாள். பதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தான் மருந்து வைங்கன்னேன்" என்றாள். "எல்லாரும் கேக்க நாந்தான் சொன்னேன்."

நான் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். போன பருவத்தில் ஆலாக்கள் கைவிட்டுப்போன முட்டைகள் தட்டில் வரிசையாக இருந்தன. மருந்து ஏற்றுவது இவற்றில்தான்.

"மிதக்கற முட்டையைத் திருப்பி வச்சிடுவீங்கன்னு சொன்னீங்களே. கண்டிப்பாவா?"

"குஞ்சு இருக்கிற முட்டையத் தின்னா வயித்துக்குள்ள கெடந்து கத்தும்னு பயம். தொடவே மாட்டோம்."

"நல்ல பசியிலயும்?"

சன்னலுக்கு வெளியே கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"அவன் வச்சிருவான்" என்றாள்.

ஒவ்வொரு முட்டையிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்தேன். கொஞ்சம் மருந்தை விட்டு, மீதியைக் காற்றாகவே விட்டு மெழுகால் அடைத்தேன். எலி சிரட்டையில் போட்டுப் பார்க்காது. எலியாக இருந்தால் தின்னட்டும், உத்தரவும் நிறைவேறும். வாளியில் கடல்நீர் பிடித்து ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்தேன், அவள் விட்டுப் பார்த்தாள். எல்லாம் மிதந்தன. ஒன்று மட்டும் அரைகுறையாக நின்றது. "இது வேணாம்" என்று எடுத்துத் தனியாக வைத்தாள்.

"பட்டினியில ஒண்ண ஒடைச்சிட்டான்னா என்ன சார் செய்ய?"

"மூழ்கற முட்டை ஒண்ணு அனுப்புவோம்" என்றேன்.

அதற்குள் கடிதம் வைக்கலாம் என்றதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் எழுதுவது எனக்கு வரும். அபிராமம் பள்ளியில் அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, இப்படிக்கு என்று வரிசை தவறாமல் எழுதிப் பழகிய கை. இந்த ஊருக்கு வந்த பிறகு காப்பகத்தைத் தவிர வேறு யாருக்கும் எழுதவில்லை. விரல் அகலத் தாளை நறுக்கி வைத்துக்கொண்டு, பழக்கத்தில் 'அனுப்புநர்' என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு சொல்லே கால் வாசி இடத்தைத் தின்றது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

"என்ன எழுதணும்? சொல்லுங்க."

"மெதக்குறதத் தொடாத, மருந்து. அத மொதல்ல போடுங்க."

எழுதினேன்.

"அமாவாசை வத்தத்துல தண்ணி எறங்கித் தெக்கு மணல்முனை நீண்டு கெடக்கும். அங்க ஆலா உக்காராது. துடுப்பு வள்ளத்துல வாரேன்னு எழுதுங்க. இன்ஜின் இருந்தாத்தான அணையும்."

"எல்லை தாண்டினா குத்தம்."

"கேமராவுக்குத்தான் என்னையும் தெரியாதே" என்றாள்.

எழுதினேன். அடுத்த வரி என்னுடையது: 'படித்துவிட்டால் மாதிரி முட்டையை மூன்று முறை நனைக்கவும். எனக்குத் தெரியும்.' கோடு மூன்று தடவை விழுந்து எழும். அவனுக்கு எங்களிடம் பேச அந்த ஒரு வழிதான் இருந்தது.

"யார் பேருக்கு எழுதறது?" என்று கேட்டேன். கேட்கவே தயக்கமாக இருந்தது. "ஒருவேளை... வேற யாராவது இருந்தா?"

அவள் தயங்கவில்லை. இதைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்று பட்டது.

"வேற யாரா இருந்தாலும் வயிறு ஒண்ணுதான சார். மேல எழுதினது எல்லாருக்கும் பொது. பேரும் கடைசி வரியும் மட்டும் அவனுக்கு. வேற ஆளுன்னா அத விட்டுட்டுப் படிச்சிக்கிறட்டும். வள்ளத்துல எடம் இருக்கு."

கடைசி வரியை என்னை எழுதச் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு அவளே எழுதினாள். மேலே மீதமிருந்த இடத்தில் நான் எழுதினேன்: பெறுநர், திரு. தொபியாஸ், ஆலாத் தீடை. பிறகு கணினிக்குப் போய், இனம் அறியா இரைகொல்லி என்ற வரிசையைத் திறந்து, பெயர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பெயரை நிரப்ப இன்னும் துணிவு வரவில்லை.

தாளைச் சுருட்டி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயில் ஒரு துண்டு நறுக்கி அதற்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் தீயில் காட்டி ஒட்டினேன். நல்ல ஓடாகப் பார்த்து ஒன்றைக் காலிசெய்து, கழுவிக் காயவைத்து, குழாயை உள்ளே விட்டு, சுற்றிலும் காய்ந்த மணலை நிரப்பினேன். முதல் தடவை, சமையலறைச் சிரட்டை ஒன்றில் கடல்நீர் எடுத்து விட்டபோது மூழ்கியது. ஆனால் நின்றது.

"குஞ்சு வந்த முட்டையாட்டம் நிக்குதே" என்றாள். "திருப்பி வச்சிருவான்."

மணலைக் கொட்டி, இரு பக்கமும் சமமாக வரும்படி மறுபடி நிரப்பினேன். இரண்டாம் தடவையும் நின்றது. அதற்கடுத்த முறை முட்டை மெல்ல இறங்கி, சிரட்டையின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"எடுத்துக்கங்குது" என்றாள்.

மறுநாள் காலை பவித்ரன் வந்து முட்டைகளை டிரோனின் கூடையில் அடுக்கினான். சலேத்மேரி நிலையத்துச் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கூடையிடம் குனிந்தான். கடைசி முட்டையைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல இரண்டு தடவை தூக்கினான்.

"இது மட்டும் கனமா இருக்கே சார்?"

"அதுல மருந்து கொஞ்சம் தூக்கல்."

"ஓகோ." இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான். "எலி மொதல்ல வர்ற குழி எதுன்னு சொல்லுங்க, இதை அங்க வைக்கிறேன்."

மேற்கு ஓரத்தில், அந்த மாதிரி முட்டைக்குப் பக்கத்துக் குழியைச் சொன்னேன். முட்டையைத் திரும்ப வாங்கி, துளை தெரிகிறதா என்று சரிபார்த்து, அதன்மேல் இன்னொரு சொட்டு மெழுகு விட்டு விரலால் தேய்த்துவிட்டுக் கொடுத்தேன்.

"என்ன எழுதினீங்க?" என்று டிரோன் எழும்பும் சத்தத்தில் அவளிடம் கேட்டேன். நேற்று அவள் எழுதும்போது மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சுருட்டும்போதும் படிக்கவில்லை.

அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள், அன்றைக்குக் கத்தியதுபோல இல்லாமல், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல.

"எங்கண்ணு முன்னால வா."

கூடை தென்கிழக்கே திரும்பி, சிறுத்து, வெயிலில் கரைந்து போனது.